மொய் எழுதாத விருந்து

விருந்து வைப்பதற்கு இயேசு கிறிஸ்து ஒரு விதி சொல்லியிருக்கிறார். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் பதினான்காம் அதிகாரத்தில் அது இருக்கிறது. ஒரு பெரிய மனிதர் வீட்டுப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு, விருந்துக்குக் கூப்பிட்ட அந்த வீட்டுக்காரரிடமே அவர் அதைச் சொல்கிறார். சிநேகிதர்களையும் உடன்பிறந்தவர்களையும் பந்துக்களையும் பணக்கார அண்டை வீட்டாரையும் கூப்பிட வேண்டாமாம். ஏன்? அவர்களும் ஒரு நாள் விருந்து வைத்து உன்னைக் கூப்பிட்டுவிடுவார்கள்; கணக்கு நேராகிவிடும். ஆகவே ஏழையைக் கூப்பிடு, கால் முடியாதவனைக் கூப்பிடு, கண் தெரியாதவனைக் கூப்பிடு. அவர்களால் உனக்கு ஒன்றும் திருப்பிச் செய்ய முடியாது, அதுதான் அதில் விசேஷம் என்கிறார்.

எனக்குத் தெரிந்து, உலகத்தில் இவ்வளவு தெளிவாகச் சொல்லப்பட்டு, இவ்வளவு பக்தியோடு படிக்கப்பட்டு, இவ்வளவு ஒற்றுமையாக மீறப்பட்ட விதி வேறொன்று இல்லை. மீறுவதில் கிறிஸ்தவர், இந்து, முஸ்லிம் என்ற பேதமே கிடையாது. இந்த ஒரு காரியத்தில் நாம் எல்லோரும் ஒரே ஜாதி.

நம் கல்யாண வீட்டைப் பாருங்கள். பந்தலுக்குள் நுழைந்ததும் மணமக்கள் கண்ணில் படுவதற்கு முன்னால் ஒரு மேஜை கண்ணில் படுகிறது. மேஜை மீது ஒரு நோட்டு. பக்கத்தில் ஒரு மஞ்சள் பை. பேனாவும் கையுமாக ஒரு நம்பிக்கையான ஆசாமி. அந்த நோட்டில் எழுதப்படுவது அன்பளிப்பு என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் அன்பளிப்புக்கு நோட்டு எதற்கு? அடுத்த வருஷம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்படும் முன் நம் வீட்டம்மாள் பரணிலிருந்து அந்த நோட்டை இறக்கி, அவர் எழுதியது எவ்வளவு என்று பார்க்கிறாளே, அதற்கு என்ன பெயர்? புதுக்கோட்டை, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இந்த நாசூக்கும் கிடையாது. கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே ஆடி மாதத்தில் பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு, மொய் வாங்குவதற்கென்றே விருந்து வைப்பார்கள். மொய் விருந்து என்றே அதற்குப் பெயர். அவர்களை நான் மதிக்கிறேன். அது கடன் என்று அவர்களுக்குத் தெரியும். கடன் என்றே சொல்கிறார்கள். கடனைத் தர்மம் என்று சொல்லிக்கொள்கிற நம்மைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

மலையைப் பற்றிச் சொல்ல வந்தவன் கல்யாணப் பந்தலிலே நின்றுவிட்டேன். மேலே போகலாம்.

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. டிசம்பர் மாதத்தில் அங்கே இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கும். ஒன்று காப்பிப் பழம் பறிப்பது, மற்றொன்று கிறிஸ்துமஸ். இவற்றோடு சேர்ந்து சில வருஷங்களாக மூன்றாவது காரியம் ஒன்றும் நடக்கிறது: கீழேயிருந்து கார்களில் வருகிற கனவான்கள் மலைவாசிகளுக்குக் கம்பளி கொடுப்பது.

அப்படி ஒரு வைபவத்தை நான் பார்த்தேன். எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சொல்லிவிட்டால் மற்றச் சங்கங்களுக்கு வருத்தமாகிவிடும். அவர்களும் அப்படியே செய்கிறவர்கள்தாம். இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய பேனர். அதில் கம்பளியின் படம் இல்லை. கம்பளி கொடுப்பவர்களின் படங்கள் இருந்தன. வரிசையில் நின்ற ஒரு கிழவர் கம்பளியை வாங்கிக்கொண்டு, மடியில் வைத்துக்கொண்டு, தம் வழியே நடந்தார். "ஐயா, ஐயா, இப்படி வாங்க!" என்று ஓர் இளைஞர் ஓடிப் போய் அவரைத் திருப்பி அழைத்து வந்தார். புகைப்படம் சரியாக விழவில்லையாம். கிழவர் கம்பளியைத் திருப்பிக் கொடுத்தார். தலைவர் மறுபடியும் கொடுத்தார். கிழவர் மறுபடியும் வாங்கினார். "கொஞ்சம் சிரிங்க ஐயா" என்றார் இளைஞர். கிழவரும் சிரித்தார்.

வாசகரே, அந்தக் கம்பளிக்கு விலை கொடுக்கப்பட்டுவிட்டது. கிழவர் தம் முகத்தைக் கொடுத்தார், சிரிப்பைக் கொடுத்தார், இல்லாதவர் என்ற பட்டத்தை ஊரறியச் சுமந்துகொள்ளச் சம்மதித்தார். கடையில் அந்தக் கம்பளி என்ன விலையோ, அதைவிட அதிகமாகவே கொடுத்தார். அங்கே தர்மம் நடக்கவில்லை, வியாபாரம் நடந்தது. அதிலும் லாபம் முழுதும் ஒரு பக்கத்துக்கே.

இதைச் சொன்னதும் தமிழ்ப் பற்று மிக்க நண்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஈகையைப் பற்றி நமக்குப் பைபிளிலிருந்து பாடம் வேண்டுமா? இந்த மலைக்குத் தென்கிழக்கே கொல்லிமலை. வல்வில் ஓரி ஆண்ட மலை. வடக்கே தகடூர், அதியமான் ஆண்ட ஊர். கடையெழு வள்ளல்களில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு பேசுகிறீர்!" என்றார்.

உட்கார்ந்துகொண்டுதான் பேசுகிறேன். அதியமான் நெல்லிக்கனியை யாருக்குக் கொடுத்தான்? ஔவைக்கு. ஔவை திருப்பிக் கொடுக்க வகையற்றவளா? ஒரு கனிக்கு இரண்டாயிரம் வருஷத்துப் புகழைக் கொடுத்திருக்கிறாள். யானையும் தேரும் பொன்னும் பெற்ற பாணரும் புலவரும் பாட்டாகத் திருப்பிக் கொடுத்தார்கள். தகடூரில் கதிரறுத்த கூலியாளின் வீட்டுக் கிழவிக்கு நெல்லிக்கனி கிடைத்ததா என்று பாட்டு எதுவும் சொல்லவில்லை. வள்ளல்களை நான் சிறுமைப்படுத்தவில்லை. அவர்கள் கொடுத்தது பெரிய மனத்தோடு கொடுத்தது. ஆனால் நான் பேசுகிற விருந்து அது இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவன், பாரி, ஒரு முல்லைக் கொடிக்குத் தேரைக் கொடுத்தான். அந்தக் கொடிக்குப் பாடத் தெரியாது. லூக்கா சொன்ன பந்தியில் உட்காரத் தகுதியுள்ள விருந்தாளி நம் இலக்கியத்தில் அந்த முல்லைக்கொடிதான்.

நண்பருக்கு நான் இன்னொன்றும் சொன்னேன். ஏணிச்சேரி முடமோசியார் என்றொரு சங்கப் புலவர். ஆய் அண்டிரனைப் பற்றிப் பாடும்போது, இந்தப் பிறவியில் செய்தது அடுத்த பிறவிக்கு உதவும் என்று எண்ணி அறத்தை விலைக்கு விற்கும் வணிகன் அவன் இல்லை என்கிறார். எனக்கு மெய் சிலிர்த்த இடம் அது. ஏனென்றால் லூக்காவின் அந்த விதிக்கு ஒரு வால் உண்டு. அவர்களால் உனக்குத் திருப்பிச் செய்ய முடியாது, ஆனால் நீதிமான்கள் உயிர்த்தெழுகிற நாளில் உனக்குத் திருப்பிச் செய்யப்படும் என்று அது முடிகிறது. அப்படியானால் அதுவும் மொய்தானே? நோட்டு மாத்திரம் பரலோகத்தில் இருக்கிறது, அவ்வளவுதானே?

இந்தக் கேள்வியை ஒரு பாதிரியாரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "கணக்கு இல்லை என்று அதில் சொல்லவில்லை. வாங்கினவன் பெயரில் கணக்கு இல்லை என்று சொல்லியிருக்கிறது. கடவுள் அந்தப் பற்றைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்கிறார். சாப்பிட்டுப் போகிற ஏழை உங்களுக்கு ஒரு வணக்கம்கூடப் பாக்கி வைக்க வேண்டியதில்லை."

இந்தப் பதிலை நான் ஏற்றுக்கொள்கிறேன். முடமோசியார் கொடுக்கிறவனை வியாபாரத்திலிருந்து விடுவிக்கிறார். லூக்கா வாங்குகிறவனைக் கடனிலிருந்து விடுவிக்கிறார். இரண்டும் சேர்ந்தால்தான் தர்மம் முழுமையாகும். கம்பளிக் கனவான்களுக்கு இரண்டும் வேண்டியிருக்கவில்லை.

ஏற்காட்டின் கிறிஸ்தவ சரித்திரம் சின்னதில்லை. 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் துரை இங்கே காப்பியைக் கொண்டுவந்தார். காப்பியின் பின்னே பங்களாக்களும், பங்களாக்களின் பின்னே மாதாகோயில்களும் வந்தன. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரைத் துணையாகக் கொண்டு பைபிளைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் பாதிரியார் கடைசியில் இந்த மலையில்தான் 1882-ல் கண்ணை மூடினார். நம் கிழவிகளின் வாயிலிருந்த பழமொழிகளை ஆயிரக்கணக்கில் சேர்த்துப் புத்தகமாக்கியவர் அவர். 1894-ல் குளூனி கன்னிமார்களின் பெண்கள் பள்ளி வந்தது. 1917-ல் கபிரியேல் சகோதரர்களின் மான்போர்ட் பள்ளி வந்தது.

இந்தச் சபைகளைத் தொடங்கியவர்கள் யார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. குளூனி கன்னிமார்களின் சபையை 1807-ல் நிறுவிய ஆன் மரி ஜாவுஹே அம்மையார், பிறகு தென் அமெரிக்காவில் பிரெஞ்சுக் கயானாவின் காட்டுக்குப் போய், அடிமைத்தளையிலிருந்து விடுபடும் ஆப்பிரிக்கர்களோடும் தொழுநோயாளிகளோடும் வாழ்ந்தவர். மான்போர்ட் என்பது லூயி மரி என்ற பிரெஞ்சுப் பாதிரியாரின் பெயர். 1716-ல் இறந்தவர். லா ரோஷேல் நகரத்து ஏழைப் பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாத பள்ளிக்கூடம் வைத்தவர். ஒரு நாள் ராத்திரி தெருவில் கிடந்த புண்பிடித்த பிச்சைக்காரனை முதுகில் தூக்கிக்கொண்டு மடத்துக் கதவைத் தட்டி, "இயேசு கிறிஸ்து வந்திருக்கிறார், கதவைத் திறவுங்கள்" என்று கூவினாராம்.

மலைகளில் உள்ள பெரிய பள்ளிகளின் வாசலுக்கு இன்று அந்தப் பிச்சைக்காரனைத் தூக்கிக்கொண்டு யார் வருகிறார்கள்? இந்தக் கேள்வியைப் பாதிரிமார்களிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்கிறேன். நீங்களும் நானும் மத்தியதர வர்க்கத்தினர். கிறிஸ்தவர்கள் ஊரை மாற்றுகிறார்கள் என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்கிற அதே வாய்தான், மறுநாள் காலையில் கான்வென்ட் அப்ளிகேஷனுக்காக ஒரு ஃபாதரின் சிபாரிசைத் தேடுகிறது. அவர்களிடமிருந்து நமக்கு வேண்டியது இங்கிலீஷ், ஒழுங்கான யூனிபாரம், மலைக்குளிர் பட்டுச் சிவந்த கன்னம். சம்பளத்தைக் கட்டிவிட்டு, அவர்கள் பந்தியில் முதல் வரிசையில் நாமே உட்கார்ந்துகொண்டோம். பிச்சைக்காரனுக்கு இடமில்லாமல் போனதற்கு வீட்டுக்காரர் மட்டும் பொறுப்பில்லை. கூப்பிடாமலே வந்து இடம் பிடித்த நாமும் பொறுப்பு.

சரி, மதமாற்றம்? அதையும் மழுப்பாமல் பேசிவிடுவோம். சோற்றைக் காட்டி ஞானஸ்நானம் கொடுத்தால் அது மொய், சந்தேகமே இல்லை. ஒரு மனிதனின் பசியைக் காரணமாக வைத்து அவன் ஆத்மாவைக் கைம்மாறாக வாங்குவதற்கும், கிழவரின் சிரிப்பை வாங்குவதற்கும் அளவில்தான் வித்தியாசம். லூக்காவின் விதியை முதலில் மீறுகிறவர் அப்படிச் செய்கிற பாதிரிதான். ஆனால் அவரைக் கண்டிக்கிற உரிமை யாருக்கு உண்டு? இவர் கூப்பிடுவதற்கு முன்னால் அந்த மனிதனைத் தன் பந்தியில் உட்கார வைத்தவனுக்கு உண்டு. பந்தியில் இடமும் கொடுக்க மாட்டேன், இன்னொருவன் கொடுத்தால் அவன் நோக்கத்தையும் சந்தேகிப்பேன் என்கிறவனுக்கு இல்லை.

1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியைத் தின்ற தாது வருஷப் பஞ்சத்தில் சேலம் ஜில்லா மிகவும் அடிபட்டது. 1871-ல் எடுத்த ஜனக் கணக்குக்கும் 1881-ல் எடுத்ததற்கும் நடுவே ஜில்லாவின் ஜனத்தொகை லட்சக்கணக்கில் குறைந்தது. அந்த நேரத்தில் சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? 1877-ல் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பியது. நிவாரண வேலையில் மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதும் என்று அவர் தீர்மானித்தார். அந்த அளவு உயிரைக் காப்பாற்றாது என்று சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் சண்டை போட்டார். அதிகமாகக் கொடுத்தால் ஜனங்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், கஜானா காலியாகிவிடும் என்பது எதிர்வாதம். இந்த வாதத்தைப் பஞ்சத்தோடு புதைத்துவிட்டதாக எண்ணாதீர்கள். வீட்டு வேலைக்காரி சம்பளத்தில் நூறு ரூபாய் கூட்டிக் கேட்டால், நம் கூடத்தில் அது எழுந்து நடமாடும்.

திருப்பித் தர முடியாதவனுக்குக் கொடுத்தால் அவன் கெட்டுப்போவான் என்பவர்களுக்கு வேலூரைக் காட்டுகிறேன். ஒரே ராத்திரியில் மூன்று வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கும் பெண்ணைக் காப்பாற்ற வரும்படி இளம் பெண்ணான ஐடா ஸ்கடரைக் கூப்பிட்டார்கள். அவர் டாக்டர் இல்லை. டாக்டரான அவர் தகப்பனாரை உள்ளே விட அந்த வீட்டார் சம்மதிக்கவில்லை. மூன்று பெண்களும் இறந்தார்கள். அமெரிக்காவுக்குப் போய் டாக்டராகித் திரும்பிய ஐடா அம்மையார் 1900-ல் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கான வைத்தியப் பள்ளியைத் தொடங்கினார். இறந்துபோன மூன்று பெண்கள் அவருக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்?

அதே வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் முடங்கிய விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். சிலர் திரும்பி வந்து குறைப்பட்டுக்கொண்டார்கள்: இந்தக் கையை நீட்டினால் யாரும் பிச்சை போடுவதில்லை, தொழுநோய்த் தழும்பைப் பார்த்து வேலையும் கொடுப்பதில்லை. அவருக்கு அப்போதுதான் தம் வேலை பாதியில் நிற்கிறது என்று புரிந்தது. கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஒரு சிறு குடியிருப்பையே அமைத்தார். நிமிர்ந்த விரலைத் திருப்பி மடக்கச் சொல்கிற சமூகம் நம்முடையது. நாம் பிச்சை போடுவோம், கூலி கொடுக்க மாட்டோம். பிச்சை வாங்குகிறவன் கும்பிடுவான்; கூலி வாங்குகிறவன் எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவான். நமக்கு வேண்டியது அந்தக் கும்பிடு.

சேர்வராயன் மலைக்குக் கிழக்கே, சித்தேரிக்கும் கல்வராயனுக்கும் நடுவிலிருக்கும் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி ஒரு குடிசையில் வைத்தியம் தொடங்கினார்கள். அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைக் காணாமல் இறந்துகொண்டிருந்த காலம். அந்த ஊர் மலையாளிப் பெண்களையே நர்சுகளாகப் பயிற்றுவித்து, அந்தச் சாவைப் பல மடங்கு குறைத்தார்கள். எந்த மதத்துக்கும் அவர்கள் ஆள் சேர்க்கவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்களே அடுத்த பந்திக்குப் பரிமாற எழுந்துவிட்டார்கள் என்றால், விருந்து சரியாக நடக்கிறது என்று அர்த்தம்.

மலையாளி என்றதும் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்கிறவர் என்ற பொருளில் தமிழ் பேசும் இந்த மலைவாசிகளுக்குப் பெயர் அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் ஒருவர் சேர்வராயனிலும், ஒருவர் கொல்லியிலும், ஒருவர் பச்சைமலையிலும் குடியேறினார்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. மலை உச்சியில் சேர்வராயர் குகைக்கோயில் இருக்கிறது. எவ்வளவு பெரிய மனிதரானாலும் குனிந்துதான் உள்ளே போக வேண்டும். மே மாதத் திருவிழாவில் இந்த ஜனங்கள் அங்கே கூடுவதைப் பார்த்தால் மலை யாருடையது என்று தெரியும்.

இவர்களைத்தான் நாம் திருப்பித் தர வகையற்றவர்கள் என்று வரிசையில் நிறுத்திக் கம்பளி கொடுக்கிறோம். கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாமா? துரைமார்கள் குதிரையேறி வருவதற்கு முன்னால் இந்தச் சரிவுகளில் சாமையும் தினையும் விதைத்தவர்கள் யார்? நாம் காலையில் குடிக்கிற காப்பியின் பழத்தைக் குளிரில் நின்று பறிக்கிற கைகளில் இவர்கள் கை எத்தனை? மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்கு இந்த மலையின் பாக்சைட் போயிற்றே, அந்தக் குழிகள் யார் வீட்டுக் கொல்லையில் இருக்கின்றன? சமவெளியின் வெயிலுக்குப் பயந்து நாம் ஓடிவந்து மூச்சு விடுகிற இந்தக் காற்றுக்கும், நிழலுக்கும், ஏரிக்கும் எந்த நோட்டில் எவ்வளவு எழுதியிருக்கிறோம்?

திருப்பித் தராதவர்கள் யார் என்று இப்போது சொல்லுங்கள். விருந்து வைத்தவர்கள் அவர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்காரருக்கே ஒரு கம்பளியைக் கொடுத்துப் படமும் எடுத்துக்கொண்டவர்கள் நாம். மழைக்கு இந்த உலகம் என்ன கைம்மாறு செய்கிறது என்று வள்ளுவர் கேட்டார். அந்தக் கேள்வியை நாம் எப்போதும் கொடுக்கிறவனின் பெருமையாகவே படித்துவிட்டோம். வாங்குகிறவனின் வெட்கமாகவும் அதைப் படிக்கலாம்.

இதனால் கம்பளி கொடுக்காதீர்கள் என்று நான் சொல்வதாக யாரும் எழுத வேண்டாம். குளிருகிறவனுக்குக் கம்பளி வேண்டும். கொடுங்கள், பேனரைச் சுருட்டிவிட்டுக் கொடுங்கள். ராத்திரியில் கொடுங்கள், பெயர் சொல்லாமல் கொடுங்கள், நன்றி சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் நடையைக் கட்டுங்கள். எஸ்டேட் வைத்திருக்கிறவர்கள் கிறிஸ்துமஸ் கேக்கை வெட்டுவதற்கு முன்னால் பறிப்புக் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அதைத் தர்மக் கணக்கில் எழுதாதீர்கள், அது கடன் கணக்கு. மலையில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள், தங்களை நிறுவிய மகான் முதுகில் யாரைத் தூக்கி வந்தார் என்பதை வருஷத்துக்கு ஒரு முறை, அட்மிஷன் காலத்தில், நினைத்துப் பாருங்கள். பிள்ளைகளை அங்கே சேர்க்கிற நாம், மலைவாசிப் பிள்ளை ஒன்று நம் பிள்ளைக்குப் பக்கத்து நாற்காலியில் சம்பளமில்லாமல் உட்கார்ந்தால் முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகுவோம். அந்தக் குழந்தை நமக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. அதன் பாட்டன் மலையில்தான் அந்த நாற்காலி போடப்பட்டிருக்கிறது.